மூடியின் அளவு

வரலாறு என்றால் ராஜா, கோட்டை, போர் என்றுதான் நமக்குப் பாடம் நடத்தினார்கள். மலக்குழிக்கும் வரலாறு உண்டு. 1881இல் பிரான்சில் லூயி மூரா மூடிய மலத்தொட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் டொனால்ட் கேமரன் கட்டிய தொட்டிக்கு 'செப்டிக் டேங்க்' என்று பேர் வைத்தார். அப்புறம் தரம் வந்தது, சான்றிதழ் வந்தது.

அமெரிக்காவில் 1970இல் என்.எஸ்.எஃப். 40 என்கிற தரம் வந்தது. வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற கருவியை 26 வாரம் ஓட்டிப் பார்க்கிறார்கள். துணி நிறையத் துவைக்கிற நாளில் தாங்குமா, கரண்ட் போனால் என்னாகும், வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டால் என்னாகும் என்று தனித்தனிச் சோதனை. ஐரோப்பாவின் இ.என். 12566-3இல் 38 வாரம்.

நமக்கு ஐ.எஸ். 2470. அகலம் 750 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 1000 லிட்டராவது கொள்ள வேண்டும். வட்ட மூடி என்றால் 500 மில்லிமீட்டர் விட்டம். ஒரு ஆள் உடம்பு நுழைகிற அளவு. கான்கிரீட்டில் வார்த்து விற்கிற தொட்டிக்கு 1981இலேயே ஐ.எஸ். 9872 வந்துவிட்டது. கொத்தனார் கட்டிவிட்டுப் போகிற குழியை எவன் அளந்தான்?

பென்னலூர் பக்கம் போகும்போதெல்லாம் இதுதான் எனக்குத் தோன்றும். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998இலிருந்து கார் செய்கிறார்கள். பிரேக்கைச் சோதிக்காமல் ஒரு வண்டி வாசலைத் தாண்டாது. அந்த வேலையை நம்பி வந்த சனங்களுக்காக எழும்பிய வாடகை அறைகளுக்குக் கீழே இருப்பது சோதிக்காத தொட்டி.

2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில், ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்கி, 6 பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் அதே வட்டாரத்துத் தனியார் நிறுவனம் ஒன்றில் 3 பேர். 2022 அக்டோபரில் ஒரு விடுதியில் 3 பேர். விஷவாயு சாதி பார்ப்பதில்லை. ஆனால் குழி நிறைந்தால் ஊர் எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புகிறது என்று நமக்குத் தெரியாதா?

பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் வருஷச் சட்டம் தடை செய்தது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது உச்ச நீதிமன்றம், 2014இல். 2023இல் அதை 30 லட்சமாக்கியது. கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது செத்த பிறகு வருகிற கணக்கு.

சான்றிதழ் முக்கியமாகக் கேட்பது: வெளியே வருகிற தண்ணீர் சுத்தமா? உள்ளே தங்குகிற சேற்றை யார் அள்ளுவது என்ற கேள்வியையும் அதோடு சேர்க்கச் சொல்கிறேன். மேலே நின்றபடியே குழாய் போட்டு முழுசாக உறிஞ்ச முடிகிறதா என்று சோதிக்கட்டும். முடியாவிட்டால் முத்திரை கிடையாது, கட்டட அனுமதியும் கிடையாது. தோழர்கள் இனி ஊராட்சி அலுவலகத்தில் இதைக் கேட்க வேண்டும், குழி தோண்டுவதற்கு முன்னால்.