ஆசிரியத் தராதரமும் உத்தியோக நாட்டமும்: தீவகத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தில் நெடுநாள் வழங்கிவரும் பழமொழி. கோறணமேந்து என்பது அரசாங்கத்தைக் குறிக்கும் நாட்டு வழக்கு. செய்யும் தொழில் யாது என்பதை இப்பழமொழி பொருட்படுத்தவில்லை. அதனைத் தருபவர் யார், அதனாற் கிடைக்கும் நிலைபேறு எத்தகையது என்பவற்றையே கருத்திற் கொள்கின்றது. மாதந் தவறாத வேதனமும் முதுமையில் இளைப்பாற்றுச் சம்பளமும் உத்தியோகம் என்ற சொல்லின் உட்பொருளாக இச்சமூகத்தில் அமைந்தன. ஆசிரியத் தராதரம் பெற்றவர் பாடசாலைக்கு வெளியே தொழில் தேடுவது அண்மைக்காலத்து நிகழ்வெனக் கருதுவோர் உளர். வரலாற்றை நோக்கின் அது ஆசிரியத் தொழிலோடு உடன்பிறந்தது என்பது புலனாகும். அவ்வாறு தேடியோருக்கு எக்கதவுகள் திறந்தன, அவற்றைத் திறந்தவரும் மூடியவரும் யாவர் என்பவற்றைத் தீவகத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் கடலும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலைக் கடந்து தீவகத்துக்குச் செல்லும் வீதியில், மண்டைதீவுச் சந்தியை அடுத்து எதிர்ப்படுவது அல்லைப்பிட்டி. வேலணைத் தீவின் கிழக்கு முனையில் அமைந்த இவ்வூரின் மணலிலிருந்து 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளுக்குரிய சீன மட்கலங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. முதலாம் பராக்கிரமபாகுவின் நயினாதீவுத் தமிழ்ச் சாசனம், ஊறாத்துறையில் உடைந்த கலங்களின் பொருள்களை அரசனும் உரியவரும் பங்கிடும் முறையைக் கூறுகின்றது. கடல்வழி வந்து சேர்வதும் கடல்வழி புறப்பட்டுச் செல்வதும் தீவகத்தாருக்குப் புதியனவல்ல என்பதற்கு இவை சான்று.

குடாநாட்டின் செம்மண் பகுதிகளுக்கு வாய்த்த தோட்டச்செய்கை தீவகத்திற்கு அத்துணை வாய்க்கவில்லை. நன்னீர் அரிதான இடங்களும் பல. மீன்பிடியும் பனைபடு தொழில்களும் ஒருபுறமிருக்க, ஊரைவிட்டுச் செல்ல இரு வழிகளே இருந்தன. ஒன்று வணிகம், கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்திய தீவக வணிகர் இவ்வழியிற் சென்றோர். மற்றையது கல்வி. முதலாவதற்கு முதல் வேண்டும். இரண்டாவதற்குப் பள்ளிக்கூடம் போதும். கைம்முதல் இல்லாத குடும்பங்கள் பள்ளிக்கூடத்தையே கலமாகக் கொண்டமைக்குக் காரணம் இதுவே.

ஒல்லாந்தர்காலச் சட்டம்பியார்

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோயிற்பற்றுகள் தோறும் பாடசாலைகளை நடத்தினர். பால்டேயஸ் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூல் இக்கோயிற்பற்றுகளைத் தீவுகள் உட்பட விவரிக்கின்றது. அக்காலச் சட்டம்பியார் எழுத்தும் சமயபாடமும் கற்பித்ததோடு அமையவில்லை. ஞானஸ்நானம், விவாகம் ஆகியவற்றைத் தோம்பிற் பதிந்தவரும், ஊரவரின் உறுதிகளை எழுதியவரும் அவரே. பள்ளிக்கூடமும் பதிவகமும் ஒரே கூரையின்கீழ் இருந்தன எனலாம். எழுதத் தெரிந்தவரை ஆட்சியாளர் தம் நிருவாகத்திற்குப் பயன்படுத்திய இம்முறையே, ஆசிரியரை எழுதுவினைஞராக்கிய பிற்கால வரலாற்றின் முதற்படி ஆகும்.

வட்டுக்கோட்டை காட்டிய வழி

1816இல் யாழ்ப்பாணத்தில் பணிதொடங்கிய அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். சமயப் போதகரையும் பள்ளியாசிரியரையும் உருவாக்குவதே அவர்தம் எண்ணம். ஆயின் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் கற்று வெளியேறிய மாணவரை அரசாங்கக் கச்சேரிகளும் நீதிமன்றங்களும் விரும்பி அழைத்தன. மிசனரிப் பாடசாலை தந்த சிறு வேதனத்தினும் அரசாங்கம் தந்தது பெரிது. 1855இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் சங்கச் செயலாளர் ரூபஸ் அண்டர்சன், ஆங்கிலக் கல்வி மாணவரைச் சமயப்பணியினின்றும் விலக்கி உத்தியோகத்திற்குச் செலுத்துகின்றது எனக் கருதினார். அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது. ஆசிரியர் வேறு தொழிலுக்குச் செல்வதைத் தடுப்பதற்கு அவரை உருவாக்கும் நிறுவனத்தையே மூடிய நிகழ்ச்சி இது. எனினும் வேட்கை தணியவில்லை. 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது.

இக்காலத்தவர் இருவரின் வாழ்க்கை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்பித்துவந்த ஆறுமுக நாவலர் அப்பணியைத் துறந்து, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வேதனம் தந்த ஆசிரியப் பணியைக் கைவிட்டு வேதனமற்ற ஆசிரியப் பணியை மேற்கொண்டவர் அவர். சிறுப்பிட்டியில் 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையோ செமினரியிற் கற்று, கோப்பாயில் ஆசிரியராகித் தமிழகம் சென்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, கள்ளிக்கோட்டையிற் கற்பித்தபின் அரசாங்கக் கணக்குப் பகுதியிற் சேர்ந்தார். சட்டமும் பயின்று பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாக விளங்கினார். இவரது கலித்தொகைப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. ஏடு தேடுவதற்கும் அச்சிடுவதற்கும் வேண்டிய பொருளை ஆசிரியச் சம்பளம் அவருக்கு அளித்திருக்குமா என்பது சிந்தித்தற்குரியது. பாடசாலையை விட்டு வெளியேறுதல் கல்வியை விட்டு வெளியேறுதல் ஆகாது என்பதற்கு அவரினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மலாயாப் பென்சன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் திறந்த பெருங்கதவு மலாயா ஆகும். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கு முதற் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1896இல் கூட்டு மலாய் நாடுகள் ஒரே நிருவாகத்தின்கீழ் வந்தன. புகையிரதப் பகுதி, நில அளவைப் பகுதி, பொதுவேலைப் பகுதி, திறைசேரி ஆகியவற்றிற்கு ஆங்கிலம் அறிந்த கீழ்நிலை உத்தியோகத்தர் பெருந்தொகையினராகத் தேவைப்பட்டனர். அங்கு ஆங்கிலப் பாடசாலைகள் அந்நாளிற் சிலவே. யாழ்ப்பாணத்திலோ மிசன் பாடசாலைகள் ஆங்கிலம் கற்றோரைத் தேவைக்கு மிஞ்சி உருவாக்கியிருந்தன. யாழ்ப்பாணத்தவர் எழுதுவினைஞராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் ஈப்போ, தைப்பிங், கோலாலம்பூர், சிரம்பான் ஆகிய நகரங்களில் நிறைந்தனர். அங்கும் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோர் உளர்.

இவர்களை ஈர்த்தது சம்பளம் மட்டுமன்று. குறித்த வயதில் இளைப்பாறி ஊர் திரும்பியபின்னும் மாதந்தோறும் தேடிவரும் பென்சனே பேரீர்ப்பாயிற்று. மழையையும் விளைச்சலையும் நம்பாத வருவாய் இச்சமூகத்துச் சாதாரணக் குடும்பங்களுக்கு அதுவரை இருந்ததில்லை. "மலாயாப் பென்சன்காரர்" கல்வீடு கட்டினார், காணி வாங்கினார், சீதனம் கொடுத்தார், கோயிற் திருப்பணி செய்தார், பாடசாலைக்கு நன்கொடை வழங்கினார். பாடசாலை அனுப்பிய மாணவன் பாடசாலைக்குக் கட்டடமாகத் திரும்பினான் எனலாம். ஆயின் அவன் ஆசிரியனாகத் திரும்பவில்லை என்பதும் மறத்தற்கரியது.

1930களின் பொருளாதார மந்தம் மலாயாவில் ஆட்குறைப்பைக் கொணர்ந்தது. உள்ளூர் மலாயரை உத்தியோகங்களில் அமர்த்த வேண்டும் என்னும் கொள்கையும் வலுப்பெற்றது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், அங்குப் பணியாற்றியோரின் கடிதவரவும் பணவரவும் ஊரில் தடைப்பட்டன. ஒரு பேரரசின் தேவை திறந்த கதவு, அப்பேரரசு தளர்ந்தபோது சாத்தப்பட்டது.

கதவு திறவாதோர்

இக்கதவுகள் எல்லோருக்கும் ஒருங்கே திறக்கவில்லை. 1824இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டது. அதன்வழி வந்த பெண்கள் ஆசிரியத் தொழிலில் நிலைத்து நின்றனர். புகையிரத நிலைய அதிபர் பதவியோ கச்சேரி எழுதுவினைஞர் பதவியோ அந்நாளில் அவர்களுக்குரியதாக இருக்கவில்லை. ஆடவர் கடந்துசென்ற இடைவழியே பெண்களுக்கு வாழ்நாட் பணியாயிற்று. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கோ பாடசாலையில் ஏனையோருடன் சமமாக அமர்வதே 1930களில் போராட்டமாக இருந்தது. அவருள் ஒருவர் ஆசிரியராவது, மேற்குடியினர் மலாயா செல்வதினும் அரிய வெற்றி. ஒருவர் கைவிட்ட நாற்காலி இன்னொருவருக்கு எட்டாக் கனியாக இருந்தது என்பதை மாற்றுத்தொழில் பற்றிப் பேசுவோர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மொழிச் சட்டமும் பாடசாலைக் கையேற்பும்

1923இல் தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கம் யாழ்ப்பாணத்திற் பெருந்தொகையான பாடசாலைகளை நிறுவியது. திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலை, கோப்பாய், கொழும்புத்துறை, பலாலி ஆகிய இடங்களிலிருந்த பயிற்சி நிலையங்கள் தராதரம் பெற்ற ஆசிரியரை உருவாக்கின. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசுடைமையாயின. முகாமையாளரின் விருப்பு வெறுப்பிற்கு உட்பட்டிருந்த ஆசிரியர் அரசாங்க ஊழியரானார். நூறாண்டுக்காலம் பாடசாலைக்கு வெளியே தேடப்பட்ட நிலைபேறு பாடசாலைக்கு உள்ளேயே கிடைத்தது.

ஆயின் அது கிடைத்த வேளையில் மற்றைய கதவுகள் மூடிக்கொண்டிருந்தன. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கியது. எழுதுவினைஞர் சேவையிலிருந்த தமிழர் கோடீஸ்வரன், சிங்களத் தேர்வில் தேறாமையால் 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்டு வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்திற்காக வழக்காட முடியாது என்று 1967இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969இல் கோமறைக் கழகம் வழக்காடும் உரிமையை ஏற்றுக்கொண்டது. மொழி பற்றிய வினாவோ தீர்க்கப்படாமலே நின்றது. தமிழும் ஆட்சிமொழியாதல் வேண்டும் என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் கூறும்வரை ஒரு தலைமுறை கடந்துவிட்டது. ஆங்கிலம் என்னும் ஒரு மொழியறிவால் திறந்த கதவு, சிங்களம் என்னும் மற்றொரு மொழியறிவின்மையால் மூடப்பட்டது. இடைவழியாக இருந்த ஆசிரியத் தொழில் புகலிடமாக மாறியது இக்காலத்திலேதான்.

புதிய திசைகள்

புகலிடத்திலும் இடம் போதவில்லை. விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களிற் படித்த வாலிபருக்கெனக் குடியேற்றத் திட்டங்கள் உருவாயின. 1970களின் தொடக்கத்தில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. உத்தியோகத்தை விஞ்சிய வருவாய் மண்ணிலும் உண்டு என்பதை அது காட்டியது. எனினும் 1977இன் பின் இறக்குமதி தாராளமாகியதும் விலை வீழ்ந்தது. இளைப்பாற்றுச் சம்பளம் இல்லாத தொழிலைச் சமூகம் ஏன் ஐயுற்றது என்பதற்கு இதுவும் ஒரு விடை.

எண்ணெய் வருவாயால் வளம்பெற்ற நைஜீரியா 1976இல் அனைவர்க்கும் ஆரம்பக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. கல்வி விரிவடைய, வெளிநாட்டு ஆசிரியர் தேவைப்பட்டனர். இலங்கைப் பட்டதாரி ஆசிரியர் பலர் அங்குச் சென்றனர். ஆசிரியர் ஆசிரியராகவே வெளியேறிய புதுமை இது. 1980களில் எண்ணெய் விலையும் நைரா நாணயமும் வீழ்ந்தபோது அக்கதவும் ஒடுங்கியது. 1983இன் வன்செயல்களும் பின்வந்த போரும் வெளியேற்றத்தின் இயல்பையே மாற்றின. 1990இல் தீவகம் இராணுவத்தின் கைக்குட்பட்டபோது அல்லைப்பிட்டி உள்ளிட்ட ஊர்களின் மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். மீளத் திரும்பியோரை 2006இன் வன்முறை மீண்டும் துரத்தியது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறிய ஆசிரியர்களின் தராதரப் பத்திரம் அங்குப் பெரும்பாலும் செல்லாக்காசாயிற்று. எனினும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் அவர்கள் மீண்டும் கரும்பலகை முன் நின்றனர்.

2022இன் பொருளாதார நெருக்கடியின்போது, அரச ஊழியர் ஐந்தாண்டுவரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரசாங்கம் சுற்றறிக்கைவழி இடமளித்தது. பதவி மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படா என்பது அதன் நிபந்தனை. ஊரைவிட்டுச் செல், ஓய்வூதியம் உனக்காகக் காத்திருக்கும் என்னும் இவ்வாக்குறுதியில், மலாயாக் காலத்தின் நிழல் தலைகீழாகப் படிந்திருப்பதைக் காணலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு உண்மைகள் பெறப்படும். ஆசிரியத் தராதரத்தின் சந்தைப்பெறுமதி எக்காலத்தும் ஆசிரியரின் திறமையால் மட்டும் நிருணயிக்கப்படவில்லை. எந்த ஆட்சிக்கு எந்த மொழி தேவைப்பட்டது என்பதாலேயே நிருணயிக்கப்பட்டது. எனவே மாற்றுத்தொழில் தேடும் இளைஞர், கதவின் அகலத்தை மட்டுமன்றித் திறவுகோல் யார் கையில் உள்ளது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

மற்றையது, வெளியேறுவோரைப் பழித்தல் பயனற்றது என்பது. செமினரியை மூடிய அண்டர்சன் எவரையும் தடுத்துவிடவில்லை. தாமோதரம்பிள்ளையும் மலாயாப் பென்சன்காரரும் வெளியேறியமையாலேயே ஏடுகள் நூல்களாயின, ஓலைக்கொட்டில்கள் கட்டடங்களாயின. ஆயின் கட்டடத்தின் உள்ளே நின்று கற்பிப்பவருக்கு ஈடாக நன்கொடை எதுவும் அமையாது. கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்தவுடன் நகரப் பாடசாலைக்கு மாற்றம் கோரும் ஆசிரியரைத் தீவகப் பாடசாலைகள் நன்கறியும். தீவின் வகுப்பறையில் நிற்பவருக்கு, அங்கு நிற்பதற்காகவே வீடும் போக்குவரத்தும் மதிப்பும் உறுதிசெய்யப்படும் நாள்வரை, சட்டம்பியார் பண்ணைக் கடலின் அக்கரையையே நோக்கிக்கொண்டிருப்பார்.