வீட்டு நீச்சல் குளம் பச்சையா மாறிடுச்சா? முதல்ல ஃபில்டரைப் பாருங்க

சுங்கை பூலோவில் காலையில் சுடும் வெயில், சாயங்காலம் கொட்டும் மழை. வீட்டு முன்னால் வைத்த ஃபிரேம் பூல் சில நாள்களிலேயே பச்சையாகிவிடலாம். குளோரினை அள்ளிப் போட்டால் மட்டும் போதுமா? போதாது.

ஏன் பாசி பிடிக்குது?

வெயில் குளோரினைச் சிதைக்கிறது. மழை அதை நீர்க்கச் செய்கிறது. குளோரின் குறைந்ததும் பாசி வளர்கிறது. பாசியைக் கொல்வது குளோரின். செத்த பாசியைப் பிடிப்பது ஃபில்டர்.

பம்ப் எவ்வளவு நேரம் ஓடணும்?

10 அடி அகலம், 30 அங்குல உயரமுள்ள வட்டக் குளம் சுமார் 4,500 லிட்டர் பிடிக்கும். மணிக்கு 1,250 லிட்டர் இழுக்கும் பம்புக்கு ஒரு சுற்றுக்கே ஏறக்குறைய 4 மணி நேரம் வேண்டும். சுத்தமான நீரும் அழுக்கு நீரும் கலந்துகொண்டே இருப்பதால் ஒரு சுற்று போதாது. தினமும் 8 மணி நேரம் ஓடவிடுங்கள். பச்சையாக இருந்தால், தெளியும்வரை.

எப்படிச் சுத்தம் செய்வது?

1. சுவர், அடிப்பகுதியை பிரஷ்ஷால் தேயுங்கள்.
2. பிஎச் அளவை 7.2 முதல் 7.6க்குள் கொண்டு வாருங்கள்.
3. வெயில் தாழ்ந்ததும், பாக்கெட்டில் உள்ள அளவுப்படி குளோரின் போடுங்கள்.
4. பம்ப் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபில்டர் கார்ட்ரிட்ஜைத் தினமும் கழுவுங்கள்.
5. அடிப்பகுதி தெளிவாகத் தெரிந்து, குளோரின் 1 முதல் 3 பிபிஎம்முக்கு இறங்கும்வரை பிள்ளைகளை இறக்காதீங்க.

குளோரினோடு அமிலமோ வேறு கிளீனரோ கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

அப்படியே விட்டால்?

தேங்கிய நீரில் ஏடிஸ் முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். டிங்கி உங்கள் வீட்டோடு நிற்காது. கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால், 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதமும் வரலாம். பயன்படுத்தாத குளத்தைக் காலி செய்து, காயவைத்து, மடித்து வையுங்கள்.