குறைத்ததில் பிறந்த ஓபரா

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய அரங்குகளை இத்தாலிய ஓபரா ஆண்டது. அந்த ஓபராவை ஆண்டவர்கள் நட்சத்திரப் பாடகர்கள். நாயகன் சாகப்போகும் கட்டமானாலும் சரி, பாட்டின் முதல் பகுதியைத் திரும்ப எடுத்து, சங்கதி மேல் சங்கதி போட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். அதுவரை கதை காத்திருக்கும். வசனமோ ஹார்ப்சிகார்டின் துணையோடு ஒப்புக்கு ஓடி முடியும்.

இதற்கு முடிவுகட்ட வியன்னாவில் ஒரு கூட்டணி அமைந்தது. இசை க்ளூக், கவிதை கல்சபிஜி, நடனம் ஆஞ்சியோலினி. அரசவை அரங்குகளை நிர்வகித்த துராட்சோ பிரபு துணைநின்றார். 1762 அக்டோபர் 5 அன்று பர்க் தியேட்டரில் 'ஓர்ஃபியோவும் யூரிடிச்சேயும்' மேடையேறியது.

தொடக்கக் காட்சியில் யூரிடிச்சேயின் கல்லறை. சுற்றிலும் நின்று கூட்டம் புலம்புகிறது. நாயகன் ஓர்ஃபியோ பாட்டு எதுவும் எடுக்கவில்லை. அந்தப் புலம்பலுக்கு நடுவே மனைவியின் பெயரை மட்டும் மூன்று முறை சொல்லிக் கதறுகிறான். இறந்த மனைவியை மீட்கப் போகும் பாதாள வாசலில் அவன் யாழ் மீட்டிக் கெஞ்சும்போது, காவல் பூதங்கள் 'முடியாது' என்ற ஒற்றைச் சொல்லை அவன் பாட்டுக்குள் வீசுகின்றன. வசனப் பகுதிகளையும் வாத்தியக் குழுவே தாங்கியது.

ஓர்ஃபியோவாக நடித்த குவாதான்யி, லண்டனில் நடிகர் டேவிட் காரிக்கிடம் நடிப்புப் பழகியவர். பின்னாளில் அதே லண்டனில், காட்சிக்கு நடுவே ரசிகர்களை வணங்கவும் பாட்டை மறுபடி பாடவும் மறுத்து அவர்களின் கோபத்தைச் சம்பாதித்தார்.

சமரசமும் இருந்தது. புராணக் கதை சோகத்தில் முடிந்தாலும், பேரரசரின் பெயர்நாள் விழா என்பதால் இங்கே முடிவு சுபம். காதல் தெய்வம் யூரிடிச்சேயை உயிர்ப்பித்துவிடுகிறது.

கொள்கை எழுத்தில் வந்தது 1769இல், க்ளூக்கின் 'அல்செஸ்தே' ஓபராவின் இசைப்பிரதிக்கு முன்னுரையாக. கதையின் உணர்ச்சிக்கு வலுசேர்ப்பதே இசையின் வேலை, பாடகரின் வித்தைக்காக நாடகம் நிற்கக் கூடாது, தொடக்க இசை வரப்போகும் கதைக்கு ரசிகரைத் தயார்செய்ய வேண்டும் என்றார் க்ளூக். இசையும் நாடகமும் ஒன்றே என்று பின்னாளில் முழங்கிய வாக்னர், 1847இல் க்ளூக்கின் ஓபரா ஒன்றைத் திருத்தி டிரெஸ்டனில் மேடையேற்றினார்.

ஓபராவில் க்ளூக் புதிதாகச் சேர்த்ததைவிட வெட்டியதே அதிகம். நாடகத்துக்கு இடம் கிடைத்தது அந்த வெட்டில்தான்.