ஊர்க்காவலுக்குக் கூலி கொடுப்பவர் யார்?

1763ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே, இலண்டன் மாநகரிலிருந்து வெளியூர்களுக்குச் செல்லும் பெருஞ்சாலைகளில் ஒரு புதுமை காணப்பட்டது. ஆயுதந் தாங்கிய குதிரைவீரர் சிலர் இரவு வேளைகளில் அச்சாலைகளில் மேலுங் கீழும் சென்று காவல் புரிந்தனர். அதுவரை வண்டிகளை மறித்துப் பயணிகளின் பணப்பைகளைப் பறித்துச் சென்ற வழிப்பறிகாரர் அடங்கிப் போயினர். இவ்வீரருக்குச் சம்பளம் கொடுத்தது எந்த ஊருமன்று, அரசாங்கத்தின் திறைசேரியே. இதனை ஏற்படுத்தியவர் போ வீதி நீதவான் சேர் ஜோன் பீல்டிங். இளமையிலேயே கண்பார்வையை இழந்தவர் அவர். மூவாயிரம் கள்ளரை அவரவர் குரலைக் கொண்டே இனங்காண வல்லவர் என்று அந்நாளில் மக்கள் பேசிக்கொண்டனர்.

ஏறக்குறையப் பதினெட்டு மாதங்கள் இக்காவல் நடைபெற்றது. பின்னர் திறைசேரி பணத்தை நிறுத்திக்கொண்டது. சாலைகள் அமைதியாயிருக்கையில் காவலுக்குச் செலவு எதற்கு என்று கேட்பது கணக்கெழுதுவோருக்கு இயல்பு. அந்த அமைதியே செலவின் பயன் என்பது ஏட்டில் ஏறுவதில்லை. குதிரைகள் இலாயத்துக்குத் திரும்பின. வழிப்பறிகாரர் சாலைக்குத் திரும்பினர். பீல்டிங் 1780இல் மறைந்தார். குதிரைக் காவல் மீண்டும் சாலைக்கு வந்தது 1805ஆம் ஆண்டில்.

ஊரைக் காப்பது ஊரின் கடனா, அரசின் கடனா என்னும் வழக்கு இங்கிலாந்தில் மிகப் பழையது. 1285ஆம் ஆண்டிலே முதலாம் எட்வேட் மன்னன் பிறப்பித்த வின்செஸ்டர் சட்டம் அதற்குத் தெளிவான விடை ஒன்றை வைத்திருந்தது. மதில் சூழ்ந்த நகரங்களின் வாயில்கள் பொழுது சாய்ந்தது முதல் பொழுது புலரும்வரை அடைக்கப்படல் வேண்டும். ஊர்தோறும் ஆடவர் முறைவைத்து இரவிற் காவலிருத்தல் வேண்டும். கள்ளனைக் கண்டவன் கூக்குரலிட்டால் கேட்டவர் எல்லோரும் துரத்துதல் வேண்டும். கொள்ளை நிகழ்ந்து கள்ளன் பிடிபடாவிட்டால், இழப்பை ஈடு செய்யும் பொறுப்பு அவ்வட்டாரத்து மக்களையே சாரும். இன்னொரு விதியும் அதிலுண்டு. சந்தையூர்களுக்கிடையே செல்லும் சாலைகளின் இருமருங்கும் இருநூறு அடி வரை புதர்களை வெட்டி ஒதுக்க வேண்டும். பதுங்குபவனுக்கு மறைவிடம் இருத்தலாகாது. பெருமரங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. மன்னன் கட்டளையிட்டானேயன்றி, ஒரு காசும் கொடுக்கவில்லை.

ஊர் சிறிதாயிருந்து ஒருவரையொருவர் அறிந்திருந்த காலத்தில் இம்முறை ஓரளவு நடந்தேறியது. நகரங்கள் பெருத்தபோது முறைக்காவல் சுமையாயிற்று. வணிகன் தன் முறைக்கு ஒரு கூலியாளை அனுப்பினான்; கூலி குறைந்ததால் வேறு வேலைக்கு உதவாத முதியோரே அதற்கு வந்தனர். 1735இல் இலண்டனின் செல்வர் வாழும் திருச்சபை வட்டாரங்கள் இரண்டு, வீட்டு வரி அறவிட்டுச் சம்பளக் காவலரை அமர்த்தப் பாராளுமன்றத்திடம் அதிகாரம் பெற்றன. வேறு வட்டாரங்களும் அவ்வழியைப் பின்பற்றின. செல்வர் தெருவில் நல்ல காவல். வறியவர் சந்தில் இருள். காவல் தேவைப்பட்ட இடமும் அதற்குக் கொடுக்கப் பணமிருந்த இடமும் வேறுவேறாயின. அரசாங்கப் பணம் இத்துறையில் நுழைவதற்குக் காரணம் இதுவே.

அது முதலில் இரகசியமாகவே நுழைந்தது. 1753இல் இலண்டனில் ஒரே வாரத்தில் ஐந்து கொலைகள் நிகழ்ந்தன. அப்போது போ வீதி நீதவானாயிருந்தவர் ஜோனின் மாற்றாந்தாய்ச் சகோதரரான ஹென்றி பீல்டிங். 'தொம் ஜோன்ஸ்' என்னும் நாவலை எழுதியவரும் அவரே. நோயாற் பெரிதும் நலிந்து, சிகிச்சைக்காக வெளியூர் செல்லவிருந்தவரை நியூகாசில் கோமகன் அழைத்து வழி கேட்டார். பீல்டிங் அறுநூறு பவுண் கேட்டார். முதலிற் கையிற் கிடைத்தது இருநூறு. அதனைக் கொண்டு உளவறிந்து கூட்டத்தைப் பிடித்தார். அவ்வாண்டின் எஞ்சிய நாட்களில் தெருக்கள் அடங்கியிருந்தன. மறு ஆண்டு ஒக்ரோபரில் அவர் லிஸ்பன் நகரிற் காலமானார்.

1829இல் சேர் றொபேட் பீல் இலண்டனுக்குப் புதிய பொலிஸ் படையை அமைத்தார். ஆயினும் ஏனைய நகரங்கள் எளிதில் இணங்கவில்லை. இலண்டனிலிருந்து பணம் வந்தால் அதன் பின்னாலே அதிகாரியும் வருவான் என்று நகரசபைகள் அஞ்சின. 1856ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அச்சத்தை மெய்ப்பித்தது என்றே சொல்லலாம். ஒவ்வொரு கவுண்டியும் பொலிஸ் படை வைத்திருத்தல் கட்டாயமாயிற்று. பரிசோதகர் வந்து படை திறமையுடையது எனச் சான்றளித்தால், சம்பளத்திலும் உடையிலும் காற்பங்கைத் திறைசேரி கொடுக்கும். 1874இல் அது அரைப்பங்காயிற்று. சுதந்திரத்தை மேலாக மதித்து மானியத்தைத் தள்ளிவிட்ட சிறு நகரங்களும் சில இருந்தன. அவற்றின் பிடிவாதத்தை நகைப்போர் நகைக்கட்டும். கைநீட்டிப் பெற்றபின் கணக்குக் காட்ட வேண்டும் என்பதை அவை அறிந்திருந்தன.

அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் காவல் என்றாற் பொலிஸ் என்றே எண்ணப்பட்டது. 1980களில்தான் அயலவர் மீண்டும் நினைக்கப்பட்டனர். 1982இல் செஷயர் மாவட்டத்து மொலிங்ரன் என்னும் சிற்றூரில் அயற்காவற் கழகம் ஒன்று தோன்றியது. ஆனால் இவ்வரலாற்றில் நின்று நோக்கத் தக்க இடம் கேர்க்கோல்ட்.

மாஞ்செஸ்டர் நகருக்கு வடக்கே றொச்டேல் என்னும் ஊரிலுள்ள நகரசபைக் குடியிருப்பு அது. இரண்டாயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள்; ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள். ஏறக்குறைய நான்கு வீடுகளுக்கு ஒரு களவு என்னும் விகிதத்தில் ஆண்டுதோறும் அங்கே வீடுடைப்பு நிகழ்ந்தது. 1980களின் நடுவில் உள்நாட்டலுவல் அமைச்சின் பணத்துடன் ஆய்வாளரும் பொலிசாரும் நன்னடத்தை அலுவலரும் அங்கே சென்றனர். சென்றவர்கள் முதலிற் பூட்டு வாங்கவில்லை. பறிகொடுத்தவரையும் அயல்வீட்டாரையும் கேட்டனர். பிடிபட்ட கள்ளரிடமும் கேட்டனர்.

இரண்டு செய்திகள் தெரியவந்தன. எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் காசு போடும் பெட்டிகள் வீடுகளினுள் இருந்தன. களவுகளில் ஏறக்குறையப் பாதியில் அப்பெட்டியே உடைக்கப்பட்டது. வறியவர் வீட்டிலே கள்ளனுக்கென்று உண்டியல் வைத்தது போன்ற ஏற்பாடு! மற்றது, ஒருமுறை உடைக்கப்பட்ட வீடு மீண்டும் உடைக்கப்படும் வாய்ப்பு ஏனைய வீடுகளைவிட நான்கு மடங்கு என்பது. ஆகவே எல்லா வீட்டையும் காக்க வேண்டியதில்லை. நேற்று உடைக்கப்பட்ட வீட்டை இன்றே காத்தாற் போதும்.

காசுப் பெட்டிகள் அகற்றப்பட்டன. களவு நடந்த வீட்டுக்குப் பூட்டும் தாழும் பொருத்தப்பட்டன. அவ்வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வீட்டார் அளவில் ஒரு சிறு கண்காணிப்பு வளையம் அமைந்தது. பிற்பாடு கடன் தொல்லையில் அமிழ்ந்தவருக்கெனக் கூட்டுறவுக் கடன் சங்கமும் அமைந்தது. மூன்றாண்டுகளில் வீடுடைப்பு முக்காற்பங்கு குறைந்தது.

இவ்வெற்றி நாட்டுக்கு என்ன கற்பித்தது? பொருளைக் கற்பித்தது, கேட்கும் பழக்கத்தைக் கற்பிக்கவில்லை. 1988இல் நகரப் பாதுகாப்புத் திட்டம் இருபது நகரங்களிலே தொடங்கியது. 1994 முதல் நகரங்கள் தம்முட் போட்டியிட்டு, தெருக்களைப் பார்த்திருக்கும் கமராக்களுக்கு மானியம் பெற்றன. 1990களின் பிற்பகுதியில் அமைச்சின் குற்றத்தடுப்புப் பணத்திற் பெரும்பகுதி இவற்றுக்கே சென்றது. பின்னர் ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கியபோது, வாகனத் தரிப்பிடங்களிற் கமரா நன்கு பயன்பட்டது என்றும், நகர மையங்களிற் பயன் சிறிதே என்றும் புலப்பட்டது. தெருவிளக்கைத் திருத்தியமை அதனினும் நற்பயன் தந்தது. இருநூறு அடி புதர் வெட்டச் சொன்ன எட்வேட் மன்னனுக்கு இது வியப்பாயிராது.

1998ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூர்ச் சபையும் பொலிசும் கூடிப் பாதுகாப்புத் திட்டம் வகுப்பதைக் கடமையாக்கியது. அயலாருக்குத் தொல்லையும் கலக்கமும் விளைக்கும் சமூக விரோத நடத்தையைத் தடுக்கும் நீதிமன்றக் கட்டளையையும் அதுவே கொண்டுவந்தது. அக்கட்டளை பதினாறு ஆண்டுகளுக்குள் வேறு கட்டளைகளுக்கு இடங்கொடுத்து மறைந்தது. 2000ஆம் ஆண்டில், சீருடையணிந்து தெருத்தெருவாக நடந்து, முதியோரை விசாரித்து, இளைஞரோடு பேசும் அயற்காவலருக்கு அரசு மானியம் வந்தது. அது ஆண்டுக்காண்டு குறைந்து முடிவுற்றபோது, சில சபைகள் தம் பணத்தில் அவர்களை வைத்துக்கொண்டன. பல சபைகள் வீட்டுக்கு அனுப்பின. பொலிசுக்குத் துணைநின்ற சமூக உதவி அலுவலர் 2010இல் ஏறக்குறைய 17,000 பேர். அரசு செலவைச் சுருக்கிய பத்தாண்டின் முடிவில் அவர்கள் பத்தாயிரத்துக்குங் குறைந்தனர்.

2020இல் பாதுகாப்பான தெருக்கள் நிதி என்னும் பெயருடன் மீண்டும் போட்டி மானியம் வந்தது. முதற் சுற்றுக்கு இரண்டரைக் கோடி பவுண். பின்சந்துகளுக்குக் கதவும், இருண்ட வழிகளுக்கு விளக்கும், வலுவற்ற வாயில்களுக்குப் பூட்டும் அதனாற் கிடைத்தன. ஐந்தாம் சுற்று 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் முடிவெய்தியது. விளக்குகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அவற்றுக்கான மின்கட்டணம் மட்டும் நகரசபையின் கணக்கிலே.