மெத்தைக்குள் ஒரு சரித்திரம்

மோட்டார் வண்டிகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் என்ஜினைப் பற்றியே எழுதுகிறார்கள். இத்தனை குதிரைச் சக்தி, மணிக்கு இத்தனை மைல் வேகம், இந்த வருஷத்துப் பந்தயத்தில் இன்னார் ஜயித்தார் என்று பக்கம் பக்கமாக வரும். ராஜாக்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் யுத்தங்களை வர்ணித்துவிட்டு, அந்த ராஜா எதில் உட்கார்ந்தார், எதில் படுத்தார் என்பதைச் சொல்லாமல் விடுவதுபோலத்தான் இதுவும். வண்டியை ஓட்டுவது என்ஜின் என்பது வாஸ்தவம். ஆனால் யாரும் என்ஜின்மேல் உட்கார்ந்து பிரயாணம் செய்வதில்லை. மனிதனுடைய உடம்பு படுவதெல்லாம் வண்டியின் உள்ளேதான்: அந்தத் தோல் ஆசனம், கதவின் உட்பக்கத் துணி, காலடியில் விரித்த கம்பளம். ஆகையால் மனிதனுடைய சரித்திரம் வேண்டுமானால் அங்கேதான் தேட வேண்டும்.

இதற்கு உதாரணமாக ஒரு சிறிய வண்டியை எடுத்துக்கொள்ளலாம். எம்.ஜி. என்ற இரண்டெழுத்துப் பெயரை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆக்ஸ்போர்டு நகரத்தில் இருந்த மோரிஸ் கராஜ் என்ற வியாபார ஸ்தலத்தின் பெயர்ச் சுருக்கம் அது. அங்கே மானேஜராக இருந்த ஸெஸில் கிம்பர் என்பவர், சாதாரண மோரிஸ் வண்டிகளுக்கு அழகான உடல் கட்டி விற்கத் தொடங்கினார். நாளடைவில் அது தனித் தொழிலாகி, ஆபிங்டன் என்ற ஊரில் தொழிற்சாலையாக வளர்ந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின் நடுவே, 1941-ல், கிம்பர் அந்த ஸ்தாபனத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தது. 1945 பிப்ரவரியில், லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் நடந்த ரயில் விபத்தில் அவர் இறந்துபோனார். யுத்தம் முடிந்தவுடன், அதே வருஷத்தின் பிற்பகுதியில், ஆபிங்டனிலிருந்து ஒரு புது வண்டி வெளிவந்தது. அதன் பெயர் டி.சி. உலகமெங்கும் எம்.ஜி.யின் பெயரைப் பரப்பிய அந்த வண்டியைக் கிம்பர் கண்ணால் பார்க்கவில்லை.

டி.சி.யைப் புதிய வண்டி என்று சொல்வதுகூட உபசாரத்துக்குத்தான். யுத்தத்துக்கு முந்தைய வண்டியையே எடுத்து, உட்காருகிற இடத்தில் நான்கு அங்குலம் அகலப்படுத்தியிருந்தார்கள். அதுதான் கண்ணுக்குத் தெரிந்த பெரிய மாறுதல். ஆஷ் மரத்தில் சட்டம் செய்து அதன்மேல் தகடு போர்த்தியிருந்தார்கள். எழுந்து நிற்கிற கம்பிச் சக்கரங்கள். என்ஜின் சுழற்சியைக் காட்டும் கடிகாரம் ஓட்டுகிறவருக்கு நேராகவும், வேகத்தைக் காட்டும் கடிகாரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நேராகவும் இருந்தன. எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்ற செய்தி, கவலைப்பட வேண்டியவருக்கு முதலில் தெரியும்படி செய்திருந்தார்கள் போலும்!

அந்நாளில் இங்கிலாந்துக்கு டாலர் தேவையாக இருந்தது. வெளிநாட்டுக்கு விற்கிறவர்களுக்குத்தான் இரும்பு கிடைக்கும் என்று சர்க்கார் கண்டிப்பாக இருந்தது. 1949 வரை செய்யப்பட்ட பதினாயிரம் டி.சி. வண்டிகளில் சுமார் 2,000 அமெரிக்காவுக்குப் போயின. யுத்தகாலத்தில் இங்கிலாந்தில் தங்கியிருந்து, ஆங்கிலேயர் ஓட்டும் இந்தச் சின்ன வண்டிகளின்மேல் ஆசைகொண்டு ஊர் திரும்பிய அமெரிக்க வாலிபர்கள் உண்டு. அமெரிக்காவில் ரோட்டின் வலப்பக்கமாகப் போக வேண்டும். அதற்கேற்ப ஓட்டும் சக்கரம் இடப்பக்கம் இருக்க வேண்டும். டி.சி.யிலோ கடைசிவரை அது வலப்பக்கத்திலேயே இருந்தது. ஆசைப்பட்டவர்கள் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை.

இனி அந்த வண்டியின் உள்ளே பார்ப்போம். ஆசனத்தில் உடம்பு படுகிற பக்கத்துக்கு மட்டும் அசல் தோல். முதுகுப் பக்கத்துக்கும், கதவுக்கும், கண் அதிகம் போகாத மற்ற இடங்களுக்கும் ரெக்ஸின். நம் வீடுகளில் ஸோபாவுக்கும் சைக்கிள் ஸீட்டுக்கும் பைக்கும் ரெக்ஸின் என்று சொல்கிறோமே, அதே பெயர்தான். இது ஒரு பொருளின் பெயரன்று. மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் வியாபாரப் பெயர். பருத்தித் துணியின்மேல் நைட்ரோ செல்லுலோஸ் என்னும் ரசாயனக் குழம்பைப் பூசி, சாயம் சேர்த்து, தோலின் வரிகளை அச்சாக அழுத்திச் செய்வார்கள். பழைய சினிமாப் படச்சுருளுக்கும் வெடிபஞ்சுக்கும் இது நெருங்கிய உறவு. அந்தப் பழைய ரெக்ஸின் போய், பிளாஸ்டிக் துணி வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பெயர் மட்டும் நம் நாட்டுக் குஷன் கடைகளில் நிலைத்துவிட்டது.

தோலுக்கும் ரெக்ஸினுக்கும் கீழே சுருள்வில், குதிரை மயிர், பஞ்சு, சணல் துணி என்று பல அடுக்குகள் இருக்கும். அந்தக் காலத்து ஆங்கில மெத்தைகளுக்குச் சணல் வங்காளத்திலிருந்து கப்பலேறிப் போனது. தோலைப் பொறுத்தவரை கொனலி சகோதரர்கள் என்ற பெயர் பிரசித்தம். 1878-ல் லண்டனில் தொடங்கிய கடை அது. குதிரைச் சேணத்திலிருந்து கோச்சு வண்டிக்கும், கோச்சிலிருந்து மோட்டாருக்கும் வளர்ந்து, ரோல்ஸ் ராய்ஸ் ஆசனங்களுக்கும் பார்லிமெண்டுச் சபையின் பெஞ்சுகளுக்கும் தோல் கொடுத்தது. முள்வேலி கீறிய மாட்டின் தோலில் தழும்பு விழும் என்பதற்காக, முள்வேலி இல்லாத மேய்ச்சல் நிலங்களிலிருந்து தோல் தேடுவார்களாம். அவர்களுடைய தோல் தொழிற்சாலையும் 2002-ல் மூடப்பட்டுவிட்டது.

இந்த மெத்தைகளைத் தைத்தவர்கள் கோச்சு வண்டிக் காலத்து மனிதர்களின் வாரிசுகள். அவர்கள் வேலை செய்த விதத்தைச் சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு பிடி சின்ன ஆணிகளை வாயில் போட்டுக்கொள்வார்கள். நாக்கினாலேயே ஒவ்வோர் ஆணியையும் திருப்பி, கொண்டை வெளியே தெரியும்படி உதட்டுக்குக் கொண்டுவருவார்கள். காந்தம் வைத்த சுத்தியலை உதட்டருகே காட்டியதும் ஆணி அதில் ஒட்டிக்கொள்ளும். ஒரே அடி; ஆணி மரச் சட்டத்தில் இறங்கிவிடும். ஒரு கை தோலை இழுத்துப் பிடித்திருக்க, மறு கையால் இத்தனையும் நடக்கும். பேச்சுக்கு இடமில்லாத தொழில்!

அறுபது எழுபது வருஷம் கழிகிறது. வெயிலில் தோல் வெடிக்கிறது. ரெக்ஸின் விறைத்துப் பொருக்கு விடுகிறது. ஆணி துருப்பிடித்துச் சணலைத் தின்றுவிடுகிறது. இப்போது ஒருவர் அந்த வண்டியை வாங்கி, பழையபடி ஆக்க வேண்டும் என்று விரும்புகிறார். விஷயம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

தேர்ந்த குஷன் வேலைக்காரர் கத்தியை எடுத்துக்கொண்டு பாயமாட்டார். முதலில் போட்டோ எடுப்பார். பிறகு, போட்டவர் எந்த வரிசையில் போட்டாரோ அதற்கு நேர்மாறான வரிசையில் ஒவ்வோர் ஆணியாகக் கழற்றுவார். பிரித்த துண்டுகள் எவ்வளவு கிழிசலாக இருந்தாலும் எறியமாட்டார். புதுத் தோலை வெட்டுவதற்கு அவைதானே அளவு! ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல், மடிப்புக்கு மடிப்பு எவ்வளவு இடைவெளி என்று எண்ணிக் குறித்துக்கொள்வார்.

எல்லாவற்றையும்விடச் சிரமமானது நிறம். டி.சி. வண்டிகளின் உட்புறத்துக்கு ஒரு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு வெளிர் மஞ்சள் என்று நிறங்கள் இருந்தன. பெயர் தெரிந்தால் போதுமா? எந்தச் சிவப்பு? வெயில்பட்ட இடமெல்லாம் பழுப்பாகிவிட்டது. விளிம்பிலே தைத்த பைப்பிங்கைப் பிரித்து, உள்ளே மடிந்திருந்த அரை அங்குலத் துண்டை வெளிச்சத்தில் பிடித்தால், ஆபிங்டனை விட்டுப் புறப்பட்ட நாளில் இருந்த சிவப்பு அப்படியே இருக்கும். வெளிச்சமே படாததால் பிழைத்த நிறம். அந்தத் துண்டை வைத்துத்தான் புதுத் தோலுக்குச் சாயம் கலக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு எல்லாம் புதிதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு 1948-ல் கடையில் நின்ற வண்டிபோல இருக்கிறது. இப்போது ஒரு கேள்வி எழுகிறது: இது அந்த வண்டிதானா?

இந்தக் கேள்வி வெறும் வேதாந்தமல்ல, கோர்ட்டுவரை போயிருக்கிறது. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று ஒரு பெண்ட்லி பந்தய வண்டி. 1929-லும் 1930-லும் லெ மான் பந்தயத்தில் ஜயித்தது. 1932-ல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் கிளைவ் டன்ஃபீ என்பவர் அதை ஓட்டும்போது விபத்தில் மாண்டார். அதற்கு முன்னும் பின்னும் அந்த வண்டியில் மாற்றாத பாகம் இல்லை என்று சொல்லலாம். 1990-ல் ஒரு கம்பெனி அதை ஒரு கோடி பவுனுக்கு வாங்குவதாக ஒப்பந்தம் செய்துகொண்டது. பிறகு, “இது அந்த வண்டியே அல்ல” என்று பின்வாங்கியது. வழக்கு லண்டன் ஹைக்கோர்ட்டுக்குப் போயிற்று. பந்தயம் ஜயித்த நாளில் இருந்த பாகங்களில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன என்பதை நீதிபதி ஆட்டன் ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்த வண்டி ஒருநாளும் அழிந்து வேறொன்றாகப் பிறக்கவில்லை. அதன் சரித்திரம் நடுவே அறுபடவில்லை. ஆகவே அது ஓல்ட் நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தார். வாங்குவதாகச் சொன்னவர்கள் வாங்க வேண்டியதாயிற்று.

தீர்ப்பு நியாயமானதுதான். ஆனால் மெத்தை விஷயத்தில் அது முழுச் சமாதானம் தருவதில்லை. என்ஜின் பாகம் தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும், மாற்றாவிட்டால் ஓடாது. பந்தய வண்டியின் பிழைப்பே அதுதான். ஆசனம் தேய்வது அப்படிப்பட்ட பழுதன்று. அந்தத் தேய்மானம், அங்கே ஒரு மனிதன் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தான் என்பதற்கு அத்தாட்சி. அதைக் கிழித்துப் போட்டால் திரும்ப எழுத முடியாது.

சமீப காலத்தில் உலகம் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. பிரான்ஸ் தேசத்தின் மேற்குப் பகுதியில் ரோஜர் பெய்யோன் என்ற லாரிப் போக்குவரத்து முதலாளி, மியூஸியம் வைக்கும் ஆசையில் பழைய வண்டிகளாக வாங்கிச் சேர்த்தார். தொழில் நொடித்துப் பல வண்டிகளை விற்றுவிட்டார். மீதி வண்டிகள் கொட்டகைகளிலேயே கிடந்தன. 2014-ல் அவற்றைத் திறந்து பார்த்தபோது, நடிகர் அலென் தெலோன் ஒரு சமயம் வைத்திருந்த ஃபெர்ராரி ஒன்று பழைய பத்திரிகைக் கட்டுகளின் அடியில் இருந்தது. 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலம் விட்டார்கள். தூசியைக்கூடத் துடைக்காமல் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கோடியே அறுபது லட்சம் யூரோவுக்குமேல் போயிற்று.

அமெரிக்காவில் பெபிள் பீச் என்ற இடத்தில் 1950 முதல் வண்டிகளின் அழகுப் போட்டி நடந்துவருகிறது. பளபளவென்று புதுப்பித்த வண்டிகளுக்கே அங்கே முதல் பரிசு என்பது எழுதாத சட்டம்போல இருந்தது. 2024-ல் அந்தச் சட்டம் மீறப்பட்டது. 1934-ம் வருஷத்துப் புகாட்டி ஒன்று. பந்தயத்தில் ஓடி, பிறகு பெல்ஜியம் மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் சேர்ந்த வண்டி. தேய்ந்த பெயிண்டும் பழைய தோலுமாக, புதுப்பிக்காமல் வந்து நின்ற அதற்கே முதல் பரிசைக் கொடுத்தார்கள். அந்தப் போட்டியில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

அதற்காக எல்லா வண்டிகளையும் கந்தலாகவே விட்டுவிட வேண்டுமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். ராஜா உட்கார்ந்த கிழிசலுக்கு மதிப்பு உண்டு என்பதனால், எலி கடித்த கிழிசலுக்கும் மதிப்பு வந்துவிடாது. மழையில் நனைந்து மக்கிப்போன மெத்தையை மாற்றத்தான் வேண்டும். கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆசனத்தில் உட்கார்ந்து சரித்திரத்தை ரசிக்க யாராலும் முடியாது. வண்டி ஓட வேண்டும். அதில் ஒரு வாலிபனும் அவன் மனைவியும் ஏறிப் போக வேண்டும். ஓடாத வண்டி பாதி வண்டிதான்.

நல்ல கைகாரர்கள் இதற்கு ஒரு நடுவழி கண்டிருக்கிறார்கள். தோலில் உயிர் இருக்கிறவரை அதை மாற்றுவதில்லை. மெல்லிய சோப்பினால் அழுக்கெடுத்து, கிழிந்த இடத்துக்குப் பின்னால் துணி கொடுத்து ஒட்டி, நிறம்போன இடத்துக்கு மட்டும் நிறம் கொடுக்கிறார்கள். மாற்றியே தீரவேண்டும் என்றால் மாற்றுகிறார்கள். ஆனால் எடுத்த பழைய துண்டுகளை ஒரு பையில் கட்டி, இன்ன இடத்தில் இருந்தது என்று எழுதி, வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுகிறார்கள். நாளைக்கு யாராவது வந்து, நாம் செய்தது தப்பு என்று சொன்னால், அவருக்கும் ஒரு சாட்சி வேண்டுமல்லவா?

இதில் ஒரு பணிவு இருக்கிறது. சரித்திரத்தை எழுதுகிறவர்களுக்கும், பழைய கட்டிடங்களைப் பழுதுபார்க்கிறவர்களுக்கும், பழைய ஏடுகளை அச்சிடுகிறவர்களுக்கும் இந்தப் பணிவு வேண்டும். தன் காலத்து ருசிதான் கடைசி ருசி என்று எண்ணிப் பழையதைத் தேய்த்து மினுக்குகிறவன், தனக்கு முன்னால் வேலை செய்தவனுடைய கையெழுத்தை அழிக்கிறான். ஆபிங்டன் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டுவிட்டது. வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு அங்கே மெத்தை போட்டவர்களின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை. பெயர் தெரியாத அந்த மனிதர்கள் இழுத்துத் தைத்த தையல், பைப்பிங்குக்கு உள்ளே வெளிச்சம் படாமல் இன்னும் இருக்கிறது. அதைப் பிரிக்கிற கை கொஞ்சம் மெதுவாகப் பிரிக்கட்டும்.