குட்டி லேப்டாப்பும் இளைத்த இயங்குதளமும்



பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பை என்ன செய்வது என்று நம் குழுவில் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மூவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். விடை ஒரு வரிதான்: பென் டிரைவ் வழியாக இலகுவான ஒரு லினக்ஸ் போட்டுப் பாருங்கள். ஆனால் வாத்தியாரிடம் கேட்டால் ஒரு வரியில் விடை வருமா? கொஞ்சம் பின்னால் போய்விட்டுத்தான் வருவேன். அவசரக்காரர்கள் கடைசிப் பகுதிக்குத் தாவலாம்.

2005-ல் அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபான்டே, 100 டாலருக்கு ஒரு லேப்டாப் செய்து ஏழை நாட்டுக் குழந்தைகள் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்போவதாக அறிவித்தார். பச்சையும் வெள்ளையுமாக, முயல் காது போல இரண்டு ஆன்டெனாவோடு அந்தக் கருவி வந்தது. வெயிலில் உட்கார்ந்தும் படிக்கக்கூடிய திரை. ரேம் 256 எம்பி, சேமிப்பு 1 ஜிபி, அவ்வளவுதான். 2007 கடைசியில் உற்பத்தி தொடங்கியபோது விலை 200 டாலரை நெருங்கியிருந்தது. உருகுவே நாடு தன் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தது. நம் நாடு 2006-லேயே வேண்டாம் என்றுவிட்டது. அது சரியான முடிவு என்பதே என் எண்ணம். ஓராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு தவித்தவனுக்குத்தான் முதல் தேவை எது என்று தெரியும்.

ஆனால் அந்த அறிவிப்பு ஒரு வேலை செய்தது. மலிவான சின்னக் கணினிக்கும் சந்தை இருக்கிறது என்று கம்பெனிகளுக்குப் புரியவைத்தது. 2007 அக்டோபரில் தைவானின் ஆசுஸ் நிறுவனம் 'ஈ பிசி 701' என்ற குட்டி லேப்டாப்பை விற்பனைக்கு விட்டது. 7 அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பு. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது, சிடி போடும் இடமும் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அதில் இருந்தது விண்டோஸ் அல்ல, சாண்ட்ரோஸ் என்ற லினக்ஸ். காரணம் கொள்கை அல்ல, கணக்கு. அந்த வருடம் ஜனவரியில் வந்த விண்டோஸ் விஸ்டாவைப் போட வட்டில் 15 ஜிபி காலி இடம் வேண்டும். ஆசுஸின் பெட்டியில் இருந்ததே 4 ஜிபி. மரக்காலைக் கொண்டுவந்து உழக்குக்குள் கொட்ட முடியுமா?

வாங்கிய மக்கள் சும்மா இருக்கவில்லை. கம்பெனி போட்டுக்கொடுத்த சாண்ட்ரோஸில், குழந்தைகளுக்கு வைத்த மாதிரி பெரிய பெரிய பொத்தான்கள். அது பிடிக்காதவர்கள் வேறு லினக்ஸ் போடப் பார்த்தார்கள். அன்றைய உபுண்டுவைப் போட்டால் வைஃபை வேலை செய்யாது. தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து, வேண்டிய டிரைவர்களை உள்ளே வைத்து 'ஈஎக்ஸ்உபுண்டு' என்று ஒன்றைச் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். திரையின் உயரம் 480 புள்ளிகள்தான் என்பதால் சில பெட்டிகளின் 'சரி' பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸால் பெட்டியை மேலே இழுக்க வேண்டும். சேமிப்பு தேய்ந்துவிடக் கூடாதே என்று ஸ்வாப் இல்லாமல் போடச் சொல்வார்கள். இப்படி ஒவ்வொன்றையும் ஒருவர் கண்டுபிடித்து எழுதிவைக்க, முகம் தெரியாத இன்னொருவர் அதைப் படித்துப் பயன்படுத்தினார்.

இனி அந்த சிடி விஷயம். அதுவரை இயங்குதளம் என்றால் சிடியில் வரும். சிடி போட இடமே இல்லாத பெட்டியில் எப்படிப் போடுவது? யூஎஸ்பி துளை ஒன்றுதான் வழி. பென் டிரைவ் கடைக்கு வந்ததே 2000-ல்தான். அப்போது ஐபிஎம் விற்றது 8 எம்பி கொள்ளும். இன்றைக்கு உங்கள் ஃபோனில் எடுக்கும் இரண்டு படத்துக்கு அது போதுமா என்பதே சந்தேகம். 2007 வாக்கில் 1 ஜிபி, 2 ஜிபி சாதாரணமாகிவிட்டது. லினக்ஸைப் பென் டிரைவில் எழுதித்தரும் யூநெட்பூட்டின் என்ற சின்ன மென்பொருளும் அதே 2007-ல் வந்தது. குட்டிக் கணினியும் அதற்கான சாவியும் ஒரே வருடத்தில் வந்து சேர்ந்தன.

உள்ளே போட இளைத்த இயங்குதளங்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000-லேயே, வட்டில் எதையும் நிறுவாமல் ஒரே சிடியிலிருந்து முழுக் கணினியையும் ஓட்டும் நாப்பிக்ஸைச் செய்திருந்தார். நம் வீட்டில் விருந்தாளிக்குப் பாயை விரித்துக் காலையில் சுருட்டுவது போல, அழுத்திச் சுருக்கி வைத்ததைத் தேவைப்படும்போது மட்டும் விரிப்பதுதான் அதன் சூட்சுமம். 'டேம் ஸ்மால் லினக்ஸ்' என்ற இன்னொன்று 50 எம்பிக்குள் அடங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் பேரி கௌலர் 2003-ல் தொடங்கிய பப்பி லினக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. மொத்தமும் ரேமுக்குள் ஏறிக்கொள்ளும். ஏறிய பிறகு வட்டைத் தொடவே வேண்டாம் என்பதால் கிழட்டு இயந்திரமும் சிட்டாய்ப் பறக்கும். வேலை முடித்து மூடும்போது, செய்ததை ஒரே கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளும்.

மைக்ரோசாஃப்ட் சும்மா இருக்குமா? 2008 ஜூனோடு விற்பனையை நிறுத்துவதாக இருந்த பழைய எக்ஸ்பியை, இந்தக் குட்டிக் கணினிகளுக்கு மட்டும் 2010 வரை நீட்டித்தார்கள். பழகிய முகத்தைக் கண்டதும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. 2009-ல் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்று ஒன்று கொடுத்தார்கள். அதில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. 2010-ல் ஐபேட் வந்தது. 2013 தொடக்கத்தில் ஆசுஸ் ஈ பிசியையே நிறுத்திவிட்டது. ஐந்தாறு வருடத்தில் கதை முடிந்தது.

நம் ஊருக்கு வருகிறேன். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. உங்களில் பலர் +2 முடித்து வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினீர்கள். அவற்றில் விண்டோஸோடு கூடவே 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது நினைவிருக்கிறதா? நம் நாட்டின் சி-டாக் நிறுவனம், அதுவும் சென்னையிலிருந்து, டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்தது. தமிழும் அதில் உண்டு. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவர்கள் நம் பிள்ளைகளில் நாலைந்து பேர்கூட இருக்க மாட்டார்கள். யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் காரணம். பெட்டியைக் கொடுப்பதில் காட்டிய அக்கறையில் பாதியை ஆசிரியர் பயிற்சியில் காட்டியிருக்கலாம்.

போன ஆடியில், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருத்தியின் அம்மா அந்த அரசு லேப்டாப் ஒன்றைத் துணிப்பையில் சுற்றி எடுத்துவந்தார். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். தம்பி பாலிடெக்னிக் முதலாண்டு. "போர்டு போயிடுச்சும்மா, 600 ரூபாய்க்கு எடுத்துக்கிறேன்னு கடையில சொல்றாங்க சார். புதுசு வாங்க 30,000 ஆகுமாம்" என்றார். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா அவர். போர்டு போயிருந்தால் பென் டிரைவிலிருந்தும் ஓடக்கூடாதல்லவா? அதனால் முதலில் அதைத்தான் செய்து பார்த்தேன். ஒன்றரை நிமிடத்தில் திரை வந்துவிட்டது. போர்டுக்கு ஒன்றுமில்லை. 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன விண்டோஸ் 7 தான் 2 ஜிபி ரேமில் மூச்சுத் திணறிக் கிடந்தது. கிரேக்க நாட்டிலிருந்து வரும் ஆன்டிஎக்ஸ் என்ற இலகுவான லினக்ஸைப் போட்டுக்கொடுத்தேன். பையன் இப்போது அதில் சி நிரல் எழுதி ஓட்டுகிறான். உள்ளதைச் சொல்ல வேண்டும்: பேட்டரி செத்துவிட்டது, மின்சாரம் போனால் அணைந்துவிடும். பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் முனகும். ஆனால் பாடத்துக்குப் போதும்.

நீங்களே செய்ய நினைத்தால் ஒரு 8 ஜிபி பென் டிரைவ் போதும். எழுதும்போது அதில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும், எனவே கல்யாணப் படம் இருக்கும் டிரைவை எடுத்துவிடாதீர்கள். ஐஎஸ்ஓ கோப்பை இழுத்துப் போட்டால் மட்டும் வேலை செய்யாது. கணினி விழித்ததும் டிரைவில் கோப்பைத் தேடாது, தொடங்கும் குறிப்பு எழுதப்பட்ட இடத்தைத் தேடும். ரூஃபஸ் போன்ற மென்பொருள்தான் அந்தக் குறிப்பையும் சேர்த்து எழுதும். பிறகு லேப்டாப்பைப் போட்டதும் எஃப்12, எஃப்2, எஸ்கேப் என்று உங்கள் பெட்டிக்குரிய விசையை அழுத்தி யூஎஸ்பியைத் தேர்ந்தெடுங்கள். முதலில் நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, தமிழ்99 விசைப்பலகை எல்லாம் வருகிறதா என்று சோதித்த பிறகே நிறுவுங்கள். பழைய படங்கள், மார்க் ஷீட் நகல்கள் இருந்தால் அதற்கு முன்பே வேறு டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. 2008, 2009-ல் வாங்கிய மிகச் சின்ன பெட்டிகளில் பல 32 பிட் வகை. உபுண்டு 2017-லேயே அவற்றைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லும் அதற்கான நிறுவி இல்லை. அப்படிப்பட்ட பெட்டி என்றால் 32 பிட் பதிப்பு உள்ள ஆன்டிஎக்ஸ் 23 அல்லது பழைய பப்பியைத் தேடுங்கள்.

தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் வீட்டுக்கு எடுத்துவாருங்கள். சார்ஜரை மறக்காதீர்கள்.