பச்சை ஏரியும் ஒரு பள்ளி விளையாட்டுப் போட்டியும்

பள்ளி விடுமுறையில் தைவான் சென்று வந்தேன். பார்ப்பவர் எல்லாரும் தைப்பே இரவுச் சந்தையைப் பற்றியே கேட்கின்றனர். என் மனத்தில் நிற்பதோ நடுத்தைவான் மலையில் உள்ள வூசே என்னும் சிற்றூர்.

பூலி நகரிலிருந்து பேருந்து வளைந்து வளைந்து மலையேறுகிறது. ஊரை நெருங்கும்போது கீழே பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கம் தெரிகிறது. சீனர் அதைப் பச்சை ஏரி என்றும் அழைப்பர், பெயர் பொய்யில்லை. அணையின் உயரம் 114 மீட்டர். ஜப்பானியர் 1939-இல் தொடங்கிய வேலை போரினால் நின்று, 1953-இல் மீண்டும் தொடர்ந்தது. மலை வண்டல் ஏரியைப் பெருமளவு தூர்த்துவிட்டது. வறண்ட மாதங்களில் செல்பவர்கள் சேற்றைத்தான் காண்பார்கள். நான் சென்றபோது நீர் நிறைந்திருந்தது. நிழற்படம் எடுத்து மாளவில்லை.

ஆனால் நான் அங்குச் சென்றது ஏரிக்காக அன்று. இது சீடிக் பழங்குடியினரின் மண். 1930 அக்டோபர் 27, காலை. வூசே பள்ளித் திடலில் விளையாட்டுப் போட்டி; சுற்றுவட்டார ஜப்பானியர் குடும்பத்தோடு கூடியிருந்தனர். கொடியேற்றும் வேளையில் மஹெபோ ஊர்த் தலைவர் மோனா ருடாவின் தலைமையில் சீடிக் வீரர்கள் பாய்ந்தனர். 134 ஜப்பானியர் மாண்டனர். அவர்களுள் பெண்களும் பிள்ளைகளும் இருந்தனர். வீரத்தைப் பாடும்போது இதை விழுங்கிவிட்டுப் பாடக்கூடாது என்பது என் கருத்து.

ஏன் பொங்கினர்? அதே மாதம் ஒரு திருமணத்தில் மோனா ருடாவின் மூத்த மகன் நீட்டிய மதுவை ஜப்பானியக் காவலர் ஒருவர் மறுத்து, தடியால் அடித்ததைப் பலரும் சொல்வர். அது தீப்பொறி மட்டுமே. விறகாய்க் கிடந்தது கட்டாய வேலை. மரத்தை இழுத்து வந்தால் தேய்ந்துவிடும் என்று, மலையிலிருந்து தோளில் சுமக்க வைத்தனர். அந்த மரம் எதற்கு? பள்ளி விடுதி கட்டுவதற்கு! சயாம் மரண இரயில் கதையைத் தாத்தா வாயால் கேட்டு வளர்ந்த நமக்குக் கட்டாய வேலையைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்பதால் என்னை மிகவும் வாட்டியவர் டாக்கிஸ் நோபிங் என்னும் இளைஞர். சீடிக் மகனான அவருக்கு ஜப்பானியர் ஹனாவோக்கா இச்சிரோ என்று பெயரிட்டு, தைச்சுங் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படிக்க வைத்தனர். படித்து வந்தவருக்குக் கிடைத்ததோ கடைநிலைக் காவலர் பதவி. அந்தப் பதவியில் இருந்துகொண்டே மலைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். கிளர்ச்சி வெடித்ததும் அவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் உயிர் துறந்தார். சுவரில் விட்டுச் சென்ற குறிப்பு ஜப்பானிய மொழியில்தான் இருந்தது. கட்டாய வேலையே மக்களின் சினத்திற்குக் காரணம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அவர் எந்தப் பக்கம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். நாம் கற்றுக்கொடுக்கும் எழுத்தை ஒரு மாணவன் எதற்குப் பயன்படுத்துவான் என்று எந்த ஆசிரியருக்குத் தெரியும்?

ஜப்பானிய அரசு பீரங்கியும் விமானமும் கொண்டு தாக்கியது. பலர் காட்டு மரங்களில் தூக்கிட்டுக்கொண்டனர். சரணடைந்தோரையும் 1931 ஏப்ரலில் பகைக்குழுவினர் ஆயுதங்களோடு வந்து வெட்டினர். கிளர்ச்சி செய்த ஆறு ஊர்களில் ஏறத்தாழ 1,200 பேர் இருந்தனர். வேறிடத்திற்குக் குடிபெயர்க்கப்பட்டபோது எஞ்சியோர் 298 பேர். மோனா ருடாவின் உடல் 1933-இல்தான் காட்டில் கண்டெடுக்கப்பட்டு, பல்கலைக்கழக ஆய்வுப் பொருளாய்க் கிடந்தது. 1973-இல் வூசேயில் அடக்கம் செய்தனர். 2001-இல் வெளிவந்த தைவானின் 20 வெள்ளி நாணயத்தில் அவர் முகம் இருக்கிறது.

கல்லறையில் சற்று நேரம் நின்றுவிட்டு, அந்தப் பள்ளித் திடலைத் தேடிப் போனேன். பள்ளி இருந்த இடத்தில் இப்போது மின்சார நிறுவனத்தின் அலுவலகம். அதே ஏரி நீரில் மின்சாரம் எடுக்கும் நிறுவனம்! வெளியே நின்று பார்த்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினேன்.

பள்ளி திறந்ததும் எங்கள் விளையாட்டுப் போட்டிக்கான முதல் கூட்டம் நடைபெறும். இவ்வாண்டு கூடாரப் பொறுப்பு எனக்கு.